இம்பிளாண்ட் கிரவுனின் வடிவம் சுற்றியுள்ள ஈறைப் பாதிக்குமா?

கடைவாய் எழுதியது:

வணக்கம். கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லை எடுத்த இடத்தில் எனக்கு 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து, அதன்மேல் சிர்கோனியா கிரவுனை (பீங்கான் போன்ற பொருளில் செய்த செயற்கைப் பல்லை) திருகாணியால் இறுக்கி 14 மாதங்கள் ஆகின்றன. கடிப்பதில் குறை எதுவும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் கன்னத்தை ஒட்டிய பக்கத்தில் ஈறு எப்போதும் சிவந்தே இருக்கிறது. பல் துலக்கும்போது அந்த ஓரிடத்தில் மட்டும் இரத்தம் கசிகிறது. சாப்பிட்ட பின் உணவுத் துணுக்கு அங்கேயே தங்கிவிடுகிறது. ஈறை விரலால் அழுத்தினால் கெட்ட வாடை வருகிறது.

கிரவுன் பொருத்திய மருத்துவரிடம் மூன்று முறை காட்டிவிட்டேன். ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, கிரவுனும் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கிறது, நீங்கள்தான் இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மற்ற பற்கள் எதிலும் இரத்தம் வராதபோது இந்த ஒன்றை மட்டும் நான் எப்படி அலட்சியமாகத் துலக்குவேன் என்று எனக்கு விளங்கவில்லை. வேறொரு மருத்துவர் ஈறுக்குள் மெல்லிய அளவுகோலை விட்டுப் பார்த்துவிட்டு, கிரவுன் புடைத்துக்கொண்டு ஈறின்மேல் உட்கார்ந்திருக்கிறது, வடிவம்தான் சிக்கல் என்றார்.

எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருக்கும்போது வடிவம் எப்படித் தவறாக இருக்க முடியும்? மெல்லுவதற்காகச் செய்த கிரவுன் ஈறை இந்த அளவுக்குத் தொந்தரவு செய்யுமா? அப்படியானால் இம்பிளாண்டையே எடுக்க வேண்டியிருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஈறுநலம் எழுதியது:

நான் ஈறு நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பல் மருத்துவர். உங்கள் வாயைப் பார்க்காமல் நோய் இன்னதென்று முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பொதுவான விடைகள் உண்டு.

முதலில் எக்ஸ்ரேயைப் பற்றி. பல்லுக்கு எடுக்கும் சிறிய எக்ஸ்ரே, கன்னப்பக்கத்தையும் நாக்குப்பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்த நிழல். அதில் கிரவுனின் முன்புறச் சரிவும் பின்புறச் சரிவும், அதாவது பக்கத்துப் பற்களை நோக்கிய இரண்டு ஓரங்களும் தெளிவாகத் தெரியும். கன்னத்தை நோக்கிய புடைப்பு தெரியவே தெரியாது. உங்களுக்கு இரத்தம் வருவது கன்னப்பக்கத்தில். ஆகவே எக்ஸ்ரேயைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன மருத்துவர் பொய் சொல்லவில்லை. அந்தப் படம் காட்ட முடியாத இடத்தைப் பற்றி அந்தப் படத்திடமே கேட்டார், அவ்வளவுதான்.

அடுத்தது ஈறு. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி உள்ள ஈறின் நார்கள் வேரின் மேற்பூச்சுக்குள் குறுக்காகப் புகுந்து பிடித்துக்கொண்டிருக்கும். இம்பிளாண்டைச் சுற்றி அப்படிப்பட்ட பிடிப்பு கிடையாது; நார்கள் அதன் மேற்பரப்புக்கு இணையாகவும், அதை வளையம்போலச் சுற்றியும் ஓடுகின்றன. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வும் இல்லாததால், அதன் வழியாக ஈறுக்கு வரும் இரத்த ஓட்டமும் இல்லை. ஆகவே இம்பிளாண்டைச் சுற்றிய ஈறு, கழுத்தில் இறுகக் கட்டிய கைக்குட்டையைப்போல வெறும் நெருக்கத்தால் நிற்கிறது. அந்த நெருக்கத்தின் அடியில் கிருமிப்படலம் சேர்ந்துவிட்டால் அதைத் தடுத்து நிறுத்தும் வலு குறைவு.

மெல்லுவதற்காகச் செய்த கிரவுன் என்று எழுதியிருக்கிறீர்கள். மெல்லுவது அதன் மேல்முகம் மட்டுமே. இம்பிளாண்டின் வாய், அதாவது கிரவுன் அமரும் மேல்விளிம்பு, பெரும்பாலும் எலும்பின் மட்டத்தில் இருக்கும். அங்கிருந்து ஈறு விளிம்பு வரை சதையின் உயரம் சராசரியாக 3 முதல் 4 மில்லிமீட்டர். அந்தச் சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் பகுதிக்கும் ஒரு வடிவம் உண்டு. கண்ணாடியில் உங்களுக்குத் தெரியாத அந்தப் பகுதிதான் ஈறின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. 2010 முதல் எங்கள் துறையில் அதை இரண்டு வட்டாரங்களாகப் பிரித்துப் பேசுகிறோம். ஈறு விளிம்புக்குக் கீழே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரை உள்ள மேல்வட்டாரம் ஈறின் கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. கன்னப்பக்கத்தில் அது அளவுக்கு மீறிப் புடைத்தால் ஈறு வேரை நோக்கிப் பின்வாங்கும். புடைப்பைக் குறைத்தால் ஈறு மேலேறி வரும். அதற்கும் கீழே இம்பிளாண்டின் வாய் வரை உள்ள அடிவட்டாரத்தை லேசாகக் குழித்து வைத்தால் அங்கே சதை தடித்து வளர இடம் கிடைக்கும்; அதைப் புடைக்க வைத்தால் சதை நசுங்கும். எவ்வளவு குழிக்கலாம், எவ்வளவு புடைக்கலாம் என்பது அங்கே எத்தனை மில்லிமீட்டர் உயரம் கிடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பழைய பாடங்களில், பல்லின் புடைப்பு உணவைத் தள்ளிவிட்டு ஈறைக் காக்கிறது என்று கற்பித்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். நடைமுறையில் புடைப்பின் நிழலில் ஒதுங்குவது கிருமிப்படலம். தூரிகை அந்தக் கூரைக்கு அடியில் நுழைவதில்லை. நீங்கள் எவ்வளவு அழுத்தித் துலக்கினாலும் மயிர் படாத இடம் படாத இடமாகவே இருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு விடை: எலும்பு கரையாதிருந்தால் இம்பிளாண்டைத் தொட வேண்டியதில்லை. 2017இல் கூடி 2018இல் வெளியிடப்பட்ட ஈறு நோய் வகைப்பாட்டின்படி, மெல்ல அளவுகோல் விட்டால் இரத்தம் வருவதும் வீக்கமும் மட்டும் இருந்து, முதல் சில மாதங்களில் இயல்பாக நடக்கும் மாற்றத்துக்கு மேல் எலும்பு இறங்காதிருந்தால், அது இம்பிளாண்டைச் சுற்றிய சதையின் அழற்சி; தூண்டுகிற காரணத்தை நீக்கினால் அடங்கக்கூடியது. எலும்பும் கரையத் தொடங்கினால்தான் அது அடுத்த கட்டம், அதன் போக்கும் வேறு. ஆகவே கிரவுன் பொருத்திய அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் இப்போது எடுத்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாக ஒரே ஒரு படத்தைப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வது போதாது. கிரவுன் திருகாணியால் இறுக்கியது என்பது உங்கள் நல்ல காலம், கழற்றிப் பார்க்கலாம்.


மெழுகுக்கத்தி எழுதியது:

மருத்துவர் சொன்னதற்கு மறுபக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நான் கிரவுன் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவன். எங்கள் மேசைக்கு வருவது நோயாளி அல்லர், அவருடைய பல்வரிசையின் மாதிரி. அந்த மாதிரியில் இம்பிளாண்டைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் சிலிக்கான் ஈறு ஒன்று ஊற்றப்பட்டிருக்கும். அதைக் கழற்றலாம், மாட்டலாம். பெரும்பாலான மாதிரிகளில் அந்த ஈறின் நடுவே இருப்பது சின்ன வட்டத் துளை. ஏனென்றால் மருத்துவர் ஈறு ஆறுவதற்காகத் திருகியிருந்த மூடி உருண்டையானது, அது விட்டுச்சென்ற துளையும் உருண்டையானது. 5 மில்லிமீட்டர் அகல வட்டத்திலிருந்து, ஈறு மட்டத்தில் 9 மில்லிமீட்டரும் மேலே 11 மில்லிமீட்டரும் அகலமுள்ள கடைவாய்ப்பல்லை நான் வெளியே கொண்டுவர வேண்டும்.

இப்போது என்ன செய்வேன்? கத்தியை எடுத்து அந்தச் சிலிக்கான் ஈறைச் செதுக்குவேன். சிலிக்கானுக்கு வலிக்காது, இரத்தம் வராது. கணினியில் வடிவமைத்தாலும் இதே கதைதான். ஈறின் படத்துக்குள் கிரவுனின் ஓரத்தை இழுத்துவிட்டால் திரையில் நிறம் மாறும், அவ்வளவே. நான் செதுக்கிய அந்த அரை மில்லிமீட்டர் நோயாளியின் வாயில் உயிருள்ள சதையாக இருக்கிறது என்பதை என் மேசையிலிருந்து நான் பார்ப்பதில்லை. கிரவுனை மாட்டும்போது ஈறு வெளிறும், மருத்துவர் இறுக்கிவிடுவார், வெளிறல் மெல்ல மறையும். யாரும் தவறு செய்ததாக அப்போது தெரியாது.

கன்னப்பக்கப் புடைப்புக்கு இன்னொரு காரணமும் வழக்கமாக உண்டு. இம்பிளாண்ட் நாக்குப்பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தால், மேற்பல்லோடு கடி பொருந்த வேண்டும் என்பதற்காகக் கிரவுனை நாங்கள் கன்னப்பக்கமாக நீட்டுவோம். அந்த நீட்டல் ஈறின்மேல் தாழ்வாரம்போலக் கவியும். கண்ணுக்குப் பல் அழகாக இருக்கும், பல்வரிசையோடு நேராக நிற்கும். அடியில் பார்த்தால் அது குழிந்த கூரை. இதை எங்கள் பேச்சில் சேணம் என்போம், குதிரையின் முதுகில் சேணம் உட்காருவதுபோல அது ஈறின்மேல் உட்காருவதால். இரண்டாவது மருத்துவர் உட்கார்ந்திருக்கிறது என்ற சொல்லையே பயன்படுத்தியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

மேற்பரப்பையும் மறந்துவிடக் கூடாது. ஈறைத் தொடும் இடத்தில் சிர்கோனியாவை மெருகேற்றியே விட வேண்டும். அதன்மேல் பளபளப்புப் பூச்சு போட்டால் முதல் நாள் மின்னும், காலப்போக்கில் சொரசொரப்பாகும். மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டருக்கு மேல் போனால் கிருமிப்படலம் கூடுதலாகப் படியும் என்பது 1990களிலிருந்தே எங்களுக்குச் சொல்லப்பட்டுவரும் வரம்பு. மருத்துவர் வாயில் வைத்தே பர் என்ற சுழலும் தேய்ப்புமுனை கொண்டு தேய்த்துச் சரிசெய்துவிட்டு மெருகேற்றாமல் விட்ட கிரவுன்களும் எங்களிடம் திரும்பி வந்திருக்கின்றன. விரல் நகத்தால் தடவினாலே உரசும்.


முன்பல் எழுதியது:

நான் மருத்துவன் அல்லன். என் அனுபவம் நேர்மாறானது என்பதால் எழுதுகிறேன். எனக்கு மேல்தாடையில் முன்பல் ஒன்று இம்பிளாண்ட். என் மருத்துவர் நிரந்தரக் கிரவுனை உடனே செய்யவில்லை. முதலில் அக்ரிலிக்கில் ஒரு தற்காலிகக் கிரவுனைத் திருகிவிட்டு, நான்கு மாதங்களில் ஐந்து முறை வரச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி, ஈறுக்குள் இருக்கும் பகுதியில் சிறிது கலவை சேர்ப்பார், அல்லது சிறிது தேய்த்தெடுப்பார், மறுபடி மாட்டுவார். மாட்டியதும் ஈறு கோழிச்சதைபோல வெளுத்துவிடும். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். 10, 15 நிமிடங்களில் இளஞ்சிவப்பு திரும்பினால் சரி என்று அனுப்புவார். திரும்பாவிட்டால் கழற்றி இன்னும் கொஞ்சம் தேய்ப்பார். ஒருமுறை மூன்று தடவை கழற்றி மாட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

இறுதியில் ஈறின் கோடு பக்கத்துப் பல்லின் கோட்டோடு ஒத்துப்போனது. தற்காலிகக் கிரவுன் ஈறில் உண்டாக்கிய பள்ளத்தை அப்படியே நகலெடுத்து லேபுக்கு அனுப்பினார். அதற்காகக் கிரவுனின் அடிப்பகுதியைத் தனியாக ஒரு கிண்ணத்துக் கலவையில் பதித்து, அந்த வடிவத்தை அளவெடுக்கும் கருவியோடு சேர்த்துவிட்டார். கழற்றிய சில நிமிடங்களிலேயே ஈறின் சுவர் சரிந்து மூடிக்கொள்ளத் தொடங்கும், அதனால் நேரடியாக அளவெடுத்தால் தவறாகிவிடும் என்று காரணம் சொன்னார்.

ஆனாலும் ஒரு பக்கத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே ஈறு நிரப்பாத இடைவெளி ஒன்று சின்னக் கருப்பு முக்கோணமாக மிஞ்சியிருக்கிறது. அதையும் கிரவுனின் வடிவத்தால் மூடியிருக்க முடியுமா என்று ஈறுநலம் அவர்கள் சொன்னால் நன்று.


ஈறுநலம் எழுதியது:

முன்பல் அவர்களுக்கு: உங்கள் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தது மிகச் சரி. வெளிறல் என்பது சதைக்குள் இரத்தம் போகவில்லை என்பதன் அடையாளம். சற்று நேரத்தில் திரும்பினால் சதை விலகிக் கொடுக்கிறது, திரும்பாவிட்டால் அது நசுங்குகிறது.

கருப்பு முக்கோணத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் எலும்பு. ஈறு நோய் மருத்துவர் டென்னிஸ் டார்னோவும் உடன் பணியாற்றியவர்களும் 1992இல் வெளியிட்ட அளவீடு இன்றும் எங்கள் அடிப்படைக் கணக்கு. இயற்கைப் பற்களுக்கு நடுவே, இரு பற்களும் தொட்டுக்கொள்ளும் புள்ளியிலிருந்து எலும்பின் முகடு வரை 5 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஈறின் முக்கோணம் ஏறக்குறைய எப்போதும் இடத்தை நிரப்பியிருந்தது. 6 மில்லிமீட்டரில் 56 சதவீத இடங்களில் மட்டுமே நிரம்பியிருந்தது. 7 மில்லிமீட்டரில் அது 27 சதவீதமாகக் குறைந்தது. இம்பிளாண்டுக்கும் இயற்கைப் பல்லுக்கும் நடுவே முக்கோணத்தின் உயரத்தைத் தாங்குவது பக்கத்து இயற்கைப் பல்லை ஒட்டிய எலும்புதான். அந்த எலும்பு முன்பே இறங்கியிருந்தால் கிரவுனால் சதையை உண்டாக்க முடியாது. தொடு புள்ளியை ஈறை நோக்கி நகர்த்தி, அதாவது பற்கள் தொடும் பரப்பை நீளமாக்கி, ஓட்டையைக் கண்ணிலிருந்து மறைக்கலாம். அதனால் பல் சற்றுச் சதுரமாகத் தோன்றும். சிலர் அதை விரும்புவதில்லை. மாறாக, முக்கோணத்தை நிரப்பும் ஆசையில் பக்கச்சுவர்களை ஈறுக்கு அடியில் புடைக்க வைத்தால், சதை சில மாதங்கள் பிதுங்கி நின்று முக்கோணம் மூடியதுபோலக் காட்டும், பிறகு அழற்சியாகும். சின்னக் கருப்பு முக்கோணம் ஒன்றோடு ஆரோக்கியமான ஈறு இருப்பதை நான் எந்நாளும் தேர்ந்தெடுப்பேன்.

அப்புறம் இடைவெளிகள். இம்பிளாண்டுக்கும் பக்கத்துப் பல்லின் வேருக்கும் நடுவே குறைந்தது 1.5 மில்லிமீட்டர், இரண்டு இம்பிளாண்டுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இவை அறுவை நாளிலேயே தீர்மானமாகிவிடும். கிரவுன் செய்பவர் பின்னால் என்ன முயன்றும் மாற்ற முடியாது.


கடைவாய் எழுதியது:

மிகவும் நன்றி. எக்ஸ்ரே ஏன் கன்னப்பக்கத்தைக் காட்டாது என்பது இப்போதுதான் புரிகிறது. மூன்று முறை நான் வீணாகத் தலைகுனிந்து வந்திருக்கிறேன். மேலும் தேடிப் படித்தபோது, கிரவுன் இம்பிளாண்டின் நேர்கோட்டிலிருந்து விலகி வெளிவரும் கோணம் 30 பாகைக்கு மேல் போகக் கூடாது என்று பல இடங்களில் கண்டேன். என் எக்ஸ்ரேயின் நகலில் பாகைமானியை வைத்துப் பார்த்தால் முன்புறம் ஏறக்குறைய 50 பாகை வருகிறது. இதை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சண்டை போடலாமா?


ஈறுநலம் எழுதியது:

சண்டை போட வேண்டாம். முதலில் அந்த 30 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஏற்கெனவே வாயில் இருந்த இம்பிளாண்டுகளின் எக்ஸ்ரேக்களில் கோணத்தை அளந்தார்கள். எலும்பு மட்டத்தில் நிற்கும் வகை இம்பிளாண்டுகளில், கோணம் 30 பாகைக்கு மேல் இருந்தவற்றில் 31.3 சதவீதத்துக்கும், 30 பாகை அல்லது அதற்குக் குறைவாக இருந்தவற்றில் 15.1 சதவீதத்துக்கும் எலும்பு கரையும் நோய் இருந்தது. அகன்ற கோணத்தோடு சுவர் வெளிப்புறமாகப் புடைத்தும் இருந்தவற்றில் அது 37.8 சதவீதம். ஈறு மட்டம் வரை நீண்ட கழுத்துடைய வேறொரு வகை இம்பிளாண்டுகளில் இந்தத் தொடர்பு காணப்படவில்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அகன்ற கோணம் உடையவற்றிலும் பெரும்பான்மைக்கு நோய் இல்லை. ஆகவே 31 பாகையில் ஈறு கெட்டுப்போய், 29 பாகையில் பிழைத்துக்கொள்ளும் என்று பொருள் கொள்ளக் கூடாது. அடுத்து, அகன்ற கோணமும் நோயும் சேர்ந்து காணப்பட்டன என்பதே அங்கே நிறுவப்பட்டது; கோணம்தான் நோயை உண்டாக்கியது என்பது அதிலிருந்து நேராக வந்துவிடாது. எனினும், சுத்தம் செய்ய வழியில்லாத இம்பிளாண்டுகளில் நோய் மிகுதியாக இருப்பதை வேறு ஆய்வுகளும் காட்டியிருப்பதால், அகன்ற புடைப்புக்கு அடியில் தூரிகை போகாததே இடையில் உள்ள கண்ணி என்று நான் கருதுகிறேன். அது என் கருத்து.

உங்கள் 50 பாகை எப்படி வந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 மில்லிமீட்டர் இம்பிளாண்டிலிருந்து ஈறு மட்டத்தில் 9 மில்லிமீட்டர் அகலத்துக்குப் போக, ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மில்லிமீட்டர் விரிய வேண்டும். இம்பிளாண்டின் வாய் ஈறு விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் அடியில்தான் இருக்கிறது என்றால் அந்தச் சரிவு 51 பாகை. அதுவே 4 மில்லிமீட்டர் அடியில் இருந்தால் 32 பாகை. விட்டம் 5 மில்லிமீட்டராகவும் ஆழம் 4 மில்லிமீட்டராகவும் இருந்தால் 27 பாகைக்குள் வந்துவிடும். ஆகவே லேபில் இருப்பவர் கெட்டவர் அல்லர். இம்பிளாண்ட் மேலோட்டமாக நின்றால் அவருக்கு விரிப்பதற்கு உயரமே இல்லை. அதற்காக எல்லாரும் ஆழமாக வைத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட முடியாது. தேவைக்கு மேல் ஆழமாகப் போனால் ஈறைச் சுற்றி ஆழமான பை உருவாகி, அது கிருமிகளுக்கு வேறொரு வீடாகும். கிரவுன் எப்படி வெளிவர வேண்டும் என்று முதலில் வரைந்துவிட்டு, அதற்கேற்ப இம்பிளாண்டை வைக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது.

இப்போது உங்களுக்கு உயரத்தைக் கூட்ட முடியாது. கன்னப்பக்கத்துச் சேணத்தை வெட்டிக் குறைக்கலாம். முன்பின் ஓரங்களில் பல்லிடைத் தூரிகை நுழையும் அளவுக்கு வாசல் திறக்கலாம். கடைவாய்ப்பல் பார்வைக்குச் சற்று ஒல்லியாக இருந்தால் என்ன? பாகைமானியை வீட்டில் வைத்துவிட்டு, மருத்துவரிடம் ஒரு கோரிக்கையை மட்டும் வையுங்கள்: கிரவுனைக் கழற்றி அதன் அடிப்புறத்தை எனக்குக் காட்டுங்கள்.

ஒட்டுப் பசையால் பொருத்திய கிரவுன் உள்ளவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: வடிவத்தைக் குறைகூறும் முன் ஈறுக்கடியில் மிச்சப் பசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஈறுக்குள் மிகச்சிறு கேமராவை விட்டுப் பார்த்தபோது, அழற்சி கண்ட இம்பிளாண்டுகளில் 81 சதவீதத்தில் மிச்சப் பசை இருந்தது. அதை எடுத்தபின் அவற்றில் 74 சதவீதத்தில் அழற்சி அடங்கியது. கிரவுன் புடைத்திருந்தால் அந்தப் பசையைத் துடைக்கவும் வழியில்லை என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணைபோகும்.


கடைவாய் எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். முதலில் பார்த்த மருத்துவரிடமே போய், நீங்கள் சொன்ன ஒற்றைக் கோரிக்கையை வைத்தேன். அவர் மறுக்கவில்லை. கடிக்கும் பரப்பின் நடுவில் இருந்த வெள்ளை அடைப்பைத் துளைத்து, அதன் அடியிலிருந்து சுருட்டி வைத்த டெஃப்லான் நாடாவை இழுத்தெடுத்து, திருகாணியைத் தளர்த்தினார். கிரவுன் வெளியே வந்ததும் அறையில் வீசிய வாடையை நானே உணர்ந்தேன். ஒரு கண்ணாடியில் ஈறைக் காட்டினார்: நாக்குப்பக்கத்தில் இளஞ்சிவப்பாக இருந்த சதை, கன்னப்பக்கத்தில் ஒரு பிறை வடிவத்துக்குப் பழுத்த நாவல்போல இருந்தது. கிரவுனைத் திருப்பிப் பிடித்தபோது, கன்னப்பக்கத்து அடியில் அதே பிறை வடிவத்தில் ஒரு குழி, அதில் மஞ்சளாக ஒட்டிய படலம். மெழுகுக்கத்தி அவர்கள் சேணம் என்று சொன்னது அப்படியே இருந்தது. மருத்துவர் சிறிது நேரம் பேசாமல் அதையே பார்த்தார். பிறகு, இதை நான் பார்த்திருக்க வேண்டும் என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் மூன்று பயணங்களின் கோபமும் போய்விட்டது.

பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் எலும்பு அப்படியே இருக்கிறது. முழுவதும் சிர்கோனியாவால் ஆன கிரவுன் என்பதால் புதிதாகச் செய்ய வேண்டாம், குழியை மேடாக்கி ஓரத்தைக் குறைத்துவிடலாம் என்று லேபுக்கு அனுப்பினார். இரண்டு நாட்கள் ஈறின் மூடியோடு இருந்தேன். திரும்பி வந்ததை மாட்டியபோது ஈறு சற்று வெளுத்து ஏழெட்டு நிமிடத்தில் நிறம் திரும்பியது. நேற்று அளவுகோல் விட்டுப் பார்த்ததில் ஆறு இடங்களில் ஓரிடத்தில் மட்டும் ஒரு புள்ளி இரத்தம். கன்னம் அந்த இடத்தில் முன்பைவிட உள்ளே போவதுபோல ஓர் உணர்வு இருக்கிறது. சாப்பிடும்போது ஒருமுறை கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். இது பழகிவிடுமா?


மெழுகுக்கத்தி எழுதியது:

கன்னம் ஓரிரு வாரங்களில் பழகிவிடுவதே வழக்கம். அதற்கு மேலும் கடித்துக்கொண்டே இருந்தால், புடைப்பைக் கழுத்துப் பகுதியில் மீண்டும் சேர்க்க விடாதீர்கள். மேல்முகத்துக் கன்னப்பக்க முனையை வட்டமாக்கினாலே போதும், அதை நாற்காலியில் வைத்தே செய்துவிடலாம். செய்தபின் அந்த இடத்தை ரப்பர் சக்கரத்தால் மெருகேற்றச் சொல்லுங்கள். அடுத்த முறை கிரவுனைக் கழற்றும்போது, ஈறைத் தொடும் அடிப்பகுதியை நகத்தால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.